பசராவுக்குப் போன கொள்ளுத்தாத்தா: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பாலாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவோட தாத்தா முதல் உலகப் போரில் (இன்றைய இராக்கில் உள்ள) "பசராவுக்குப் போனார், வரவே இல்லை" என்பதுதான் எங்கள் வீட்டில் வழிவழியாக வந்த செய்தி. ஊர் குடியாத்தம் பக்கம், அப்போதைய வடஆற்காடு மாவட்டம். பெயர் முனுசாமி. அவர் போகும்போது பாட்டி கைக்குழந்தை. பாட்டியின் அம்மாவுக்கு வேலூர் கஜானாவில் பென்ஷன் பணம் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

கையில் இருப்பது ஒரே பொருள்தான். உள்ளங்கையைவிடப் பெரிய வட்டமான வெண்கலத் தகடு. ஒரு பெண், சிங்கம், ஓரத்தில் ஆங்கில எழுத்து, ஒரு கட்டத்துக்குள் பெயர். பட்டாளத்தின் பெயரோ நம்பரோ அதில் இல்லை. இணையத்தில் பெயரைப் போட்டால் முனுசாமி முனுசாமியாக வந்துகொண்டே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு எண்பத்தைந்து வயதாகிறது. அவர் இருக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை.

ஆவணத்தேடி:

வணக்கம் சகோதரி. அந்தத் தகட்டை எலுமிச்சை, புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அது பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு. சுமார் 12 செ.மீ. விட்டம் இருக்கும். "சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இறந்தான்" என்ற பொருளில் ஆங்கில வாசகம் சுற்றி ஓடும். தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றுதான் அதில் பதவி போடவில்லை. அதனால் இன்றைக்கு நமக்குத் துப்பு குறைகிறது. ஆனாலும் ஒன்று உறுதியாகிவிட்டது: அவர் தொலைந்துபோனவர் அல்ல, இறந்தவர் என்று அரசு கணக்கில் ஏற்றியவர். அப்படியானால், போரில் இறந்தவர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பட்டியலையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

தேடுகிறவர்கள் எல்லாரும் பெயரில் தொடங்குகிறார்கள். நம் ஆட்களைப் பொறுத்தவரை அது கடைசியில் செய்ய வேண்டியது. முதலில் எந்தப் படைப்பிரிவு என்று பிடியுங்கள். பெரியம்மாவிடம் "எந்த ரெஜிமெண்ட்" என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார். "என்ன வேலை பார்த்தாராம்?" என்று கேளுங்கள். துப்பாக்கி பிடித்தாரா, மண் வெட்டினாரா, பாலம் கட்டினாரா, கோவேறு கழுதை ஓட்டினாரா, காயம்பட்டவர்களைத் தூக்கினாரா, சமையலா? எந்த ஊரில் போய்ச் சேர்ந்தார்? பெங்களூரா, மதராஸா, வேலூரா? இந்த இரண்டு பதிலும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மதராஸ் மாகாணத்திலிருந்து அந்தப் போரில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களில் போர்வீரர்கள் சுமார் 51,000 பேர், போரிடாத பணியாட்கள் சுமார் 41,000 பேர். பத்தில் நாலு பேருக்கு மேல் துப்பாக்கி ஏந்தாதவர்கள். "பட்டாளத்துக்காரர்" என்று வீட்டில் சொன்னாலும் அவர் தொழிலாளர் படையிலோ சுமைகூலிப் படையிலோ ஆஸ்பத்திரிப் பணியிலோ இருந்திருக்கலாம். அதைக் குறைவாக நினைத்துச் சில குடும்பங்கள் சொல்லாமல் மறைத்திருக்கின்றன. அதையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.

படைப்பிரிவு தெரிந்த பிறகு ஆணையத்தின் தளத்தில் இப்படித் தேடுங்கள். நம்மவர்களுக்கு ஒரே பெயர்தான், அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட வேண்டும். முதல் பெயர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இந்தியப் படை என்று தேர்ந்தெடுங்கள். கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் ஊர், தாலுகா, மாவட்டம் இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் போடுங்கள். "இன்னாரின் மகன், இந்த ஊர், இந்தத் தாலுகா, வடஆற்காடு, மதராஸ்" என்கிற பாணியில்தான் பதிவு இருக்கும். எல்லாருக்கும் இராது, சிலருக்கு வெறும் எண்ணும் தேதியும்தான்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். "சாமி" என்பதை எஸ்-ஏ-எம்-ஐ, எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ, எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று மூன்று விதமாகவும் பார்க்கலாம். முனு, முனி, மூனி எல்லாம் வரும். மாவட்ட எல்லையிலும் கவனம் வேண்டும். சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானது, அப்போது திருத்தணி அதில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் சேலம் மாவட்டம்.

தென்பொதிகை:

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. எங்கள் குடும்பத்து அனுபவத்தையும் சேர்க்கிறேன், இன்னொருத்தருக்கு உதவும்.

எங்களுக்குக் கிடைத்தது மெடல். 1914-15 நட்சத்திரம், பின்பக்கத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருந்தது. வட்டமான வெள்ளி மெடலாக இருந்தால் விளிம்பைப் பாருங்கள், அங்கேதான் பொறிப்பார்கள். தொழிலாளர் படையினருக்கு அதே மெடலை வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளியாக இருந்ததால் பஞ்ச காலத்தில் ஆசாரியிடம் போய் உருகியவை எத்தனையோ!

எங்கள் ஆளுடையது 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. 1903-ல் அப்போதைய இந்தியப் படைத் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லாப் படைப்பிரிவுகளுக்கும் புதிதாக எண் போட்டபோது மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள். 3-ஆம் மதராஸ் 63 ஆனது, 23-ஆம் வாலாஜாபாத் 83 ஆனது. அதனால் வீட்டில் ஒரே ஆள் பெயரில் இரண்டு எண் இருந்தால் குழம்ப வேண்டாம், அறுபதைக் கழித்துப் பாருங்கள்.

இந்தப் படை பசராவுக்குப் போகும் முன் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கியது, தோற்றுத் திரும்பியது. சேர்ந்து போன 61-ஆம் பயனியர்களும் (பாதை போடுவது, அகழி வெட்டுவது போன்ற வேலையும் செய்யும் படை) மதராஸ் படையே. வெள்ளை அதிகாரிகள் எழுதிய வரலாறுகளில் தோல்விக்கான பழியில் பெரும்பங்கை இந்தியச் சிப்பாய்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்தவர்களைக் கரையில் இறக்கி, எதிரி எங்கே என்று வேவுகூடப் பார்க்காமல் காட்டுக்குள் அனுப்பிய தளபதியைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "தாத்தா ஓடிவந்தவராம்" என்ற பேச்சு மட்டும் தங்கியிருந்தது. படைப்பிரிவு அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்பைப் படித்த பிறகுதான் அந்தப் பேச்சு எங்கள் வீட்டை விட்டுப் போனது.

நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் இருக்கின்றன. பெரும்பகுதி மின்னுருவில் கிடைக்கிறது. சிப்பாய் பெயர் அதில் அநேகமாக இருக்காது, அதிகாரிகள் பெயர்தான். ஆனால் இன்ன தேதியில் இன்ன இடத்தில் இத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதியிருக்கும். ஆணையத்தின் தளத்தில் உள்ள இறந்த தேதியை அதோடு ஒப்பிட்டால் அவர் சண்டையில் இறந்தாரா, முகாமில் காலராவில் இறந்தாரா என்று ஓரளவு புரிந்துவிடும். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், குண்டைவிட நோயும் வெயிலும் கொன்றவர்கள் ஏராளம்.

கரிசல்மண்:

நான் யார் மனதையும் புண்படுத்த எழுதவில்லை. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். இவர்கள் வெள்ளைக்காரனின் எண்ணெய்க்கும் துறைமுகத்துக்கும் இராக்கில் போய், அந்த நாட்டு மக்களை அடக்கி ஆளத் துணை நின்றவர்கள். 1920-ல் இராக்கியர் எழுந்தபோது அதை ஒடுக்கியதிலும் இந்தியப் படைதான் பெரும்பங்கு. கூலிக்குப் போனவரை வீரர் என்று படச்சட்டம் போட்டு மாட்டிவைப்பது சரியா? நம் தாத்தாக்களில் ஜெயிலுக்குப் போனவர்களைத் தேட ஆளில்லை, பட்டாளத்துக்குப் போனவர்களைத் தேட இத்தனை பேர்.

ஆவணத்தேடி:

நியாயமான கேள்வி. என் பதிலைச் சொல்கிறேன்.

ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். வடஆற்காட்டில் நிலமில்லாத ஒரு குடும்பத்துக்கு அது என்ன தொகை என்று யோசியுங்கள். 1917-க்குப் பிறகு ஆள்சேர்ப்பு மாவட்ட நிர்வாகம் வழியாகவும் நடந்தது, தாசில்தார் கேட்டால் மறுக்க எல்லாராலும் முடியாது. ஜெயிலில் இருந்தவர்களைக்கூடத் தண்டனைக் கழிவு தருவதாகச் சொல்லி மெசபடோமியாவுக்குத் தொழிலாளர் படையாக அனுப்பினார்கள். நீங்கள் சொன்ன இரண்டு வகையும் அங்கே ஒன்றாகிவிட்டது பாருங்கள்.

நான் இவர்களை வீரர் என்று கொண்டாடுவதற்காகத் தேடவில்லை. பசரா நினைவுச்சின்னத்தின் கதை தெரியுமா? 1914 முதல் 1921 ஆகஸ்ட் வரை மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 1929-ல் எழுப்பியது. பிரிட்டிஷ்காரர் என்றால் சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்தியர் என்றால் அதிகாரிகளுக்கு மட்டும் கல்லில் பெயர். மற்றவர்களுக்குப் படைப்பிரிவின் பெயரைப் போட்டு, கீழே எத்தனை பேர் என்று ஒரு எண். சிப்பாய்களின் பெயர்கள் பதிவேட்டுக்குள் போயின. அந்தக் கல்லுக்கு முன்னால் நம் ஆட்கள் யாராவது போய் நின்றிருந்தால்கூடத் தாத்தாவின் பெயரைத் தொட்டுப் பார்த்திருக்க முடியாது. 1997-ல் அந்தச் சின்னத்தையே பெயர்த்து நசிரியா சாலையில் 32 கி.மீ. தள்ளி வைத்துவிட்டார்கள்.

2021 ஏப்ரலில் ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்திய, ஆப்பிரிக்க, எகிப்தியப் படையினரிலும் பணியாட்களிலும் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே விடப்பட்டார்கள் என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறது. யாருக்காகச் செத்தாரோ அவரே பெயரை எழுத மறுத்த ஆளின் பெயரைப் பேத்தியின் மகள் தேடுகிறார். இதில் வெள்ளைக்காரனுக்குச் செய்யும் மரியாதை எங்கே வந்தது?

கரிசல்மண்:

எண்ணிக்கை மட்டும் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத செய்தி. அந்த ஜெயில் தொழிலாளர் படை பற்றித் தனி இழை தொடங்குங்கள் ஐயா, நானும் படிக்கிறேன். இராக் மக்கள் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. இந்தத் தேடலில் அவர்கள் பக்கமும் கொஞ்சம் எழுதப்பட வேண்டும்.

மணிக்கூண்டு:

ஊர்க் கல்வெட்டை யாரும் சொல்லவில்லையே. "இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர்" என்று சிறிய சலவைக்கல் பலகைகளை அரசு ஊர் ஊராகக் கொடுத்தது. பழைய பள்ளிக்கூடச் சுவர், சாவடி, தாலுகா ஆபீஸ், சர்ச் வாசல் என்று எங்கேயாவது பதித்திருப்பார்கள். பல இடங்களில் அதன்மேலேயே சுண்ணாம்பு அடித்து மறைந்து கிடக்கிறது. பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான், இங்கேயும் அதே கதை. ஆனால் உங்கள் ஊரிலிருந்து போனவர்கள் ஐந்து பேர் என்று தெரிந்தால், ஆணையப் பட்டியலில் அந்த ஊர்ப் பெயரோடு கிடைப்பவர்களைச் சரிபார்க்க அது உதவும். பள்ளிக்கூடம் இடித்துக் கட்டும்போது கல் காணாமல் போகிறது. ஊர்ப்பக்கம் போகிறவர்கள் படம் எடுத்து இந்த இழையில் போடுங்கள்.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை இன்றைக்கும் ராணுவப்பேட்டை என்றுதான் சொல்கிறார்கள். அந்த வட்டாரத்தில் பெரியவர்களிடம் பேசினாலே நிறையக் கிடைக்கும்.

இன்னொன்று. மதராஸ் படைகளில் கிறிஸ்தவர்கள் கணிசம். குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பாருங்கள். தகப்பன் தொழில் என்ற இடத்தில் "சிப்பாய்" என்றும், பக்கத்தில் படைப்பிரிவு எண்ணும் எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயர் தெரியாதவர்களுக்கு இதைப் போல உதவி வேறில்லை.

பாலாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று பெரியம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். ஆவணத்தேடி ஐயா சொன்ன மாதிரியே வேலையைப் பற்றிக் கேட்டேன். உடனே சொன்னார்: "தாத்தா பெங்களூருல பட்டாளத்துல சேந்தாரு. ஆத்துமேல படகுங்களை வரிசையாக் கட்டிப் பாலம் போடுவாங்களாம். அதுல குண்டு பட்டோ தண்ணியில போயோ செத்தாராம்." பாட்டியின் அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அழுவாராம். இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவருடைய அப்பா பெயர் சின்னப்பனோ சின்னப்பையனோ, பெரியம்மாவுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

தென்பொதிகை:

அக்கா, பெங்களூர், படகுப் பாலம் என்றால் மதராஸ் சாப்பர்கள், அதாவது பாலம், பாதை போடும் பொறியாளர் படை, என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை! "தம்பி" என்று இந்தியப் படை முழுக்கச் செல்லமாகக் கூப்பிடுவது அவர்களைத்தான். தமிழர்கள், அதிலும் பறையர் சமூகத்தவரும் கிறிஸ்தவர்களும், பெருவாரியாக இருந்த படை. போர்க்குணமுள்ள சாதி, இல்லாத சாதி என்று பிரிட்டிஷார் பிரித்து, மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டிருந்த காலத்திலும் இவர்களை மட்டும் விட முடியவில்லை.

1917 பிப்ரவரி 23-ஆம் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷும்ரான் வளைவில் டைகிரிஸைக் கடந்த நாள். வெள்ளம் வேகமாகப் போகும் ஆற்றில், எதிர்க்கரையிலிருந்து துருக்கியர் சுட்டுக்கொண்டிருக்கப் படகில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள், அன்றைக்கே பாலமும் போட்டார்கள். மதராஸ் சாப்பர்கள் அங்கே இருந்தார்கள். பதினாறே நாளில், மார்ச் 11 அன்று, பாக்தாத் விழுந்தது.

ஆவணத்தேடி:

ஷும்ரான் தேதியைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் தாத்தாவை அந்தத் தேதியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட வேண்டாம். டைகிரிஸில் பாலம் போடுவது போர் முழுக்க நடந்தது. குடும்பக் கதை பெரிய சண்டையைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது.

இப்போது செய்ய வேண்டியது: ஆணையத் தளத்தில் படைப்பிரிவு என்ற இடத்தில் "சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்" போட்டு, மெசபடோமியாவை, அதாவது இராக்கைத் தேர்ந்தெடுங்கள். "விக்டோரியா மகாராணியின் சொந்த" என்ற முன்னொட்டு உள்ள பதிவுகளை மட்டும் எடுங்கள், அதுதான் மதராஸ் படை, வங்காள, பம்பாய் சாப்பர்களும் அங்கே இருந்தார்கள். பசரா நினைவுச்சின்னம், அமாரா, பாக்தாத் வடவாசல் கல்லறை மூன்றையும் பாருங்கள். அதில் முனுசாமி, முனிசாமி எல்லாரையும் ஒரு தாளில் எழுதுங்கள். எண், இறந்த தேதி, தகப்பன் பெயர், ஊர். பிறகு பொருந்தாதவர்களை ஒவ்வொருவராக அடித்து நீக்குங்கள். பெயரும் படையும் பொருந்தியதும் "கிடைத்துவிட்டார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தகப்பன் பெயர் அல்லது ஊர், இரண்டில் ஒன்றாவது பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள்.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சிப்பாயின் பணிப்பதிவேடு கிடைக்கும் என்று பணம் கட்டிக் காத்திருக்காதீர்கள். அங்கே அதிகாரிகளுக்கு நிறைய உண்டு. சாதாரணச் சிப்பாய்களின் பணிப்பதிவுகள் படைப்பிரிவிலேயே இந்தியாவில் இருந்தவை. அதனால் பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியாளர் குழுமத்துக்கு எண்ணும் பெயரும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். சாப்பர்களின் நேரடித் தொடர்ச்சி அதுதான், மற்ற மதராஸ் படைகள் போல நடுவில் கலைக்கப்படவில்லை. 1920-களிலும் 1933-லும் மதராஸ் காலாட்படைகளையும் பயனியர்களையும் செலவு மிச்சம் என்று கலைத்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது 1941-ல்தான். தென்பொதிகை தம்பி குடும்பத்தார் போன்றவர்களுக்குக் கடிதம் எழுத முகவரியே இல்லாமல் போனது அதனால்தான். அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

பஞ்சாபியர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வழி பிறந்துவிட்டது. லாகூர் அருங்காட்சியகத்தில் தூசி படிந்து கிடந்த பதிவேடுகளில் 3,20,000 பேரின் விவரம் இருந்தது, 2021-லிருந்து அதை மின்னுருவாக்கிக் கிராம வாரியாகத் தேடும்படி செய்துவருகிறார்கள். நம் மாவட்டங்களுக்கு யாராவது செய்ய வேண்டிய வேலை அது. இந்த மாதிரி இழைகளில் கிடைக்கும் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்தாலே ஒரு தொடக்கம்.

கிள்ளான் தமிழன்:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் மலாயாவில் இறந்த இந்தியப் படை வீரர். அதற்கும் இதே வழிதானா?

மணிக்கூண்டு:

பாதி இதே வழிதான். ஆணையத் தளம் பொதுவானது. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் முதலில் பாருங்கள், பர்மா என்றால் தாவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னம். அங்கே சிப்பாய்களின் பெயரும் கல்லில் உண்டு. நேதாஜி படைக்கு மாறியவர் என்றால் தேட வேண்டிய இடமே வேறு, டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். அவர்களுடைய அபிலேக் படல் தளத்தில் தொடங்குங்கள்.

பாலாற்றங்கரை:

தாளில் எழுதி ஒவ்வொருவராக அடித்தேன். மதராஸ் சாப்பர்களில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒருவருக்குத் தகப்பன் பெயர் வேறு, ஊரும் திருச்சி மாவட்டம். இன்னொருவருக்குத் தேதியும் எண்ணும் மட்டும்தான். மூன்றாமவருக்குத் தகப்பன் பெயர் "சின்னப்பன்" என்று படிக்கும்படி இருக்கிறது, வடஆற்காடு என்றும் இருக்கிறது. தாலுகா பெயர் "குடியாத்தம்" ஆக இருக்கலாம். ஊர்ப் பெயர் எங்கள் ஊர் மாதிரி இல்லை. இறந்த தேதி 1916, ஷும்ரானுக்கு முன்னாலேயே. பசரா நினைவுச்சின்னத்தில் சேர்த்திருக்கிறார்கள். கை நடுங்குகிறது, ஆனால் ஐயா சொன்னதால் பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆவணத்தேடி:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், சொல்லாமல் இருப்பதும் சரி. அந்த ஊர்ப் பெயரை உங்கள் ஊருடன் மட்டும் ஒப்பிடாதீர்கள். அவருடைய மனைவி எந்த ஊர்? தாய்மாமன் ஊர்? சேரும்போது எங்கே குடியிருந்தாரோ அந்த ஊரை எழுதியிருப்பார்கள். பெரியம்மாவிடம் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைப் பேச்சுவாக்கில் கேளுங்கள். குடியாத்தம் தாலுகாவின் பழைய வரைபடத்தில் அந்தப் பெயருக்குக் கிட்டத்தட்ட ஒலிக்கும் குக்கிராமம் ஏதாவது உண்டா என்றும் பாருங்கள்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். வருவாய்த்துறை அரசாணைகளின் அட்டவணையில் படைவீரர் குடும்பங்களுக்கு நிலம், சலுகை என்ற தலைப்புகளில் வடஆற்காட்டைத் தேடுங்கள். பென்ஷன் வாங்கினார் என்பதால் கஜானா வழியாகவும் ஒரு தடயம் இருந்திருக்கும். படிப்பறைக்கு அனுமதி வாங்க அடையாள அட்டையும் ஆய்வு நோக்கத்தை விளக்கும் கடிதமும் கையோடு கொண்டுபோங்கள்.

பாலாற்றங்கரை:

பாட்டியின் அம்மா பிறந்த ஊர் எங்கள் ஊரே இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம்! அந்த ஊர்ப் பெயரின் முதல் பாதி பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கே போகிறேன். பழைய பள்ளிக்கூடச் சுவரையும் பார்க்கிறேன். பெங்களூருக்குக் கடிதம் இன்று அனுப்பியாயிற்று. பதில் வந்ததும் எண்ணோடு எழுதுகிறேன்.

தென்பொதிகை:

போகும்போது அந்தத் தகட்டின் படத்தையும் கொண்டுபோங்கள் அக்கா. அந்த ஊரில் இன்னொரு வீட்டிலும் அதே தகடு இருக்கலாம்.